இடமும் வலமும்

எழுதப் பழகத் தொடங்கிய ஐந்து வயதுக் குழந்தையின் பலகையை எடுத்துப் பார்த்தால், அதில் ஒரு வியப்பு அடிக்கடி காணப்படும். டகரத்தின் கிடைக்கோடு வலப்புறம் ஓடாமல் இடப்புறம் ஓடியிருக்கும். 3 என்னும் இலக்கம் தன் வாயை இடப்புறம் திறவாமல் வலப்புறம் திறந்திருக்கும். 7 முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்கும். சில வேளைகளில் குழந்தையின் பெயர் முழுவதுமே வலமிருந்து இடமாகச் செல்லும். ஒவ்வோர் எழுத்தும் பிழையின்றித் திரும்பியிருக்கும். அப்பலகையைக் கண்ணாடியின் முன் பிடித்தால் பெயர் செவ்வனே படிக்கக் கிடைக்கும். இத்தாலி நாட்டு ஓவியர் லியோனார்டோ டாவின்சி தம் குறிப்பேடுகளை இவ்வாறு மாற்றி எழுதினார் என்று உலகம் இன்றும் வியந்து பேசுகிறது. குழந்தையோ அதே செயலைத் தான் அறியாமலே செய்து முடித்துவிட்டு விளையாடப் போய்விடுகிறது.

அதைக் கண்டு வியப்பவர் சிலர், வெகுள்பவர் பலர். "கண் எங்கே போயிற்று?" என்னும் வினா முதலில் வரும், அதன் பின்னே பிரம்பும் வந்த காலம் உண்டு. மந்தன் என்று பெயர் சூட்டப்பட்டுக் கடைசி வரிசையில் அமர்த்தப்பட்ட பிள்ளைகளும் உண்டு. உண்மையில் அக்குழந்தையின் கண் எங்கும் போய்விடவில்லை. அது தனக்கு இயல்பான தொழிலையே செய்துகொண்டிருக்கிறது.

புதரின் ஓரத்தில் நிற்கும் புலி, இடப்பக்கத்தைக் காட்டினாலும் வலப்பக்கத்தைக் காட்டினாலும் புலியேயாகும். "நேற்றுக் கண்டது வாலை இடப்புறம் நீட்டிய விலங்கு, இது வலப்புறம் நீட்டிய வேறொன்று" என்று ஆராய்ந்துகொண்டு நிற்பவன் உயிர் பிழைக்க மாட்டான். ஆதலின், ஓர் உருவத்தையும் அதன் எதிர்முகத்தையும் ஒன்றாகவே கொள்ளும் வகையில் கண்ணும் மனமும் அமைந்துள்ளன. பிறந்தது முதல் குழந்தை உலகில் கற்ற பாடமும் இதுவே. அம்மா எப்பக்கம் திரும்பினாலும் அம்மாதான்; கரண்டியின் பிடி எப்பக்கம் இருந்தாலும் கரண்டிதான்; பசு எத்திசை நோக்கினாலும் பசுதான். ஐந்தாண்டுகள் இவ்வாறு கற்றுத் தேறிய பிள்ளையின் கையில் பலப்பத்தைக் கொடுத்து, "இதோ, இந்தக் கோடு இடப்புறம் திரும்பினால் அஃது எழுத்தே அன்று" என்கிறது பள்ளி. பக்கம் மாறினால் பொருளே மாறிவிடும் என்னும் செய்தியைக் குழந்தை பெரும்பாலும் எழுத்தினிடத்தேதான் முதன்முதல் எதிர்கொள்கிறது. அது திகைப்பதில் வியப்பில்லை.

இத்திகைப்பை அறிஞர் பலர் ஆராய்ந்துள்ளனர். அமெரிக்க மருத்துவர் சாமுவேல் ஆர்ட்டன் 1925-இல் இதைப் படிப்புக் குறைபாட்டோடு தொடர்புபடுத்தி எழுதினார். பின்வந்தோர் ஆராய்ந்தபோது, எழுதத் தொடங்கும் குழந்தைகள் பலரிடமும் இது காணப்படுகிறது என்பதும், இஃதொன்றே குறைபாட்டுக்கு அறிகுறி ஆகாது என்பதும் புலனாயின. பிரெஞ்சு அறிஞர் ஸ்தானிஸ்லாஸ் டெஹேன், வாசிப்பைப் பற்றி 2007-இல் வெளியிட்ட நூலில் இதனை விரிவாக எடுத்துரைத்தார். படிக்கக் கற்பது என்பது புதியதொன்றைக் கற்பது மட்டுமன்று. மூளையின் பழைய பழக்கமொன்றை எழுத்தளவில் கைவிடுவதும் ஆகும் என்பது அவர் கருத்து.

எல்லா எழுத்து முறைகளும் இதில் ஒரே அளவான தொல்லை தருவதில்லை. ஆங்கிலத்தின் சிற்றெழுத்துகளில் 'பி'யைக் கண்ணாடியில் காட்டினால் 'டி'யாகிவிடும். அவ்விரண்டையும் பிரித்தறியாதவன் ஒரு சொல்லையும் ஒழுங்காகப் படிக்க இயலாது. தமிழ் நெடுங்கணக்கில் இவ்வாறு ஒன்றன் பிம்பம் மற்றொன்றாகும் இரட்டையர் இல்லை. டகரத்தைத் திருப்பி எழுதினால் அது பிழையான டகரமாகத் தோன்றுமே அன்றி வேறோர் எழுத்தாகத் தோன்றாது. இதனால் விளையும் ஒரு நுட்பத்தை எரிக் பெடர்சன் என்னும் மொழியியல் அறிஞர் 2003-இல் வெளியிட்டார். எழுத்தறியாத தமிழர், தமிழ் மட்டும் படித்தவர், தமிழோடு ரோமன் எழுத்தும் படித்தவர் என முத்திறத்தாரை அவர் சோதித்தார். ஓர் உருவத்தையும் அதன் பிம்பத்தையும் வெவ்வேறென்று பிரித்துக் கூறுவதில் தமிழ் மட்டும் படித்தவர்கள் எழுத்தறியாதவர்களைப் போலவே இருந்தனர். இரண்டும் படித்தவர்களே வேறுபட்டு நின்றனர். தமிழுக்கு இஃது ஓர் இழுக்கு என்று எவரும் மயங்கவேண்டா. எந்த எழுத்து எந்தப் பயிற்சியைக் கேட்கிறதோ அந்தப் பயிற்சியையே கண் பெறுகிறது என்பதுதான் இதன் பொருள். ஆனால் இக்காலத் தமிழ்க் குழந்தை இரண்டு எழுத்துகளையும் ஒரே ஆண்டில் கற்கத் தொடங்கிவிடுகிறது. ஆதலின் இடவல வேறுபாட்டைக் கற்பிக்கும் கடமை இக்கால ஆசிரியருக்கு மிகுதியாக உண்டு.

பழந்திண்ணைப் பள்ளியில் இதற்கென ஒரு வழி இருந்தது. மணலைப் பரப்பி, குழந்தையின் விரலைத் தம் கையால் பற்றி, எழுத்தின் மேல் மீண்டும் மீண்டும் ஓட்டுவார் ஆசிரியர். எழுத்து அங்கே கண்ணுக்கு உருவமாக மட்டும் நில்லாமல் கைக்கு ஒரு நடையாகவும் ஆயிற்று. கண் ஏமாந்தாலும் கை வழி தவறுவதில்லை. அம்முறையில் நெட்டுருவே மிகுதி என்று குறை கூறுவோர் உண்டு. ஆயினும் இவ்வொன்றில் அது வழுவவில்லை. அங்கே ஆசிரியர் குழந்தைக்குப் பின்னாலோ பக்கத்திலோ அமர்ந்தார் என்பதையும் கருதுதல் வேண்டும். எதிரே நின்று வலக்கையை உயர்த்தும் ஆசிரியரைப் பார்த்துக் குழந்தைகள் இடக்கையை உயர்த்துவதை உடற்பயிற்சி வகுப்பில் நாள்தோறும் காணலாம். பழகிய ஆசிரியர், குழந்தைகளின் வலக்கை உயரவேண்டுமாயின் தம் இடக்கையை உயர்த்துவார். தாமே அவர்களுக்குக் கண்ணாடியாகி நிற்பது அவர் கற்ற கலை.

கண்ணாடியையே வகுப்புக்குக் கொண்டுவந்துவிட்டால் பாடம் இன்னும் எளிதாகும். உள்ளங்கையளவுள்ள சிறு கண்ணாடி ஒன்று போதும். ஒரு தாளில் டகரத்தைப் பெரிதாக எழுதி, கிடைக்கோட்டின் வலமுனையில் கண்ணாடியைச் செங்குத்தாக நிறுத்தச் சொல்லலாம். தாளில் இருப்பது 'ட'. தாளும் கண்ணாடியும் சேர்ந்து காட்டுவது 'ப'. இதைக் கண்ட குழந்தையின் முகத்தைக் காண்பதே ஒரு விருந்து. டகரமும் அதன் பிம்பமும் கைகோத்தால் பகரமாகும் என்பதைத் தானே கண்டுகொண்ட பிள்ளை, டகரம் எப்பக்கம் நோக்கும் என்பதை அதன் பின்னர் எளிதில் மறவாது. அடுத்து, எந்தெந்த எழுத்துகள் கண்ணாடியில் மாறாமல் நிற்கின்றன என்று தேடவிடலாம். பகரம் மாறாது, மூன்று புள்ளிகளால் ஆன ஆய்தமும் மாறாது. மற்றவற்றுள் பெரும்பாலானவை திரும்பிவிடும். அரை முகம் வரைந்து கண்ணாடி வைத்தால் முழு முகம் கிடைக்கும். கண்ணாடியைச் சற்றே நகர்த்தினால் அம்முகம் ஒற்றைக் கண்ணாகச் சுருங்கும். எதிர்ப்புறம் நகர்த்தினால் பூசணிக்காயாகப் பருக்கும். வகுப்பில் சிரிப்பொலி எழும். எழட்டும்.

கண்ணாடியில் கண்டதைக் காகிதத்தில் கையால் செய்து பார்ப்பது அடுத்த படி. ஒரு தாளை இரண்டாக மடித்து, மடிப்பின் ஓரத்தில் அரை இலையை வரைந்து, கத்தரித்து விரித்தால் முழு அரசிலை கிடைக்கும். மடித்தால் ஒரு பாதி மறுபாதியின் மேல் சிறிதும் பிறழாது பொருந்துவதே சமச்சீர். அம்மடிப்பே சமச்சீர்க் கோடு. இவ்விலக்கணத்தை ஆசிரியர் முதலிற் கூறிவிட்டால் பாடம் கெட்டது. விரல் அறிந்த பின்னரே செவி அறியவேண்டும்.

சதுரத் தாளைக் கொடுத்து, எத்தனை வகையாக மடித்தால் பொருந்தும் என்று கேட்டால் பிள்ளைகள் விரைவில் நான்கைக் கண்டுபிடிப்பார்கள்: நெடுக்காக ஒன்று, குறுக்காக ஒன்று, மூலைக்கு மூலை இரண்டு. உடனே ஒரு நீள்சதுரத்தைக் கொடுத்து, மடியாமலே விடை கூறச் சொல்லவேண்டும். "இதற்கும் நான்கு" என்று ஏறக்குறைய எல்லாக் குரல்களும் ஒன்றாக எழும். "மடித்துப் பாருங்கள்" என்பதே ஆசிரியர் கூறவேண்டிய மறுமொழி. மூலைக்கு மூலை மடித்ததும் இரு காதுகள் வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். கோட்டின் இருபுறமும் உள்ள துண்டுகள் அளவிலும் வடிவிலும் ஒன்றே. வெட்டி எடுத்து ஒன்றைச் சுழற்றினால் மற்றதன் மேல் பொருந்தவும் செய்யும். ஆயினும் மடித்தால் பொருந்தவில்லை. சம பாதியாகப் பிரிவது வேறு, பிம்பமாக எதிர்நிற்பது வேறு என்னும் நுட்பம் இவ்விரு காகிதக் காதுகளால் விளங்குவதுபோல் வேறெதனாலும் விளங்காது. வளர்ந்தவர்களுள்ளும் பலர் இவ்விடத்தில் நான்கு என்றே கூறிவிடுகின்றனர். முப்பக்கமும் சமமான முக்கோணத்திற்கு மடிப்பு மூன்று, நீள்சதுரத்திற்கு இரண்டே, வட்டத்திற்கோ எண்ணத் தொலையாது.

காகிதத்தை மடித்தே கணிதம் கற்கலாம் என்று உலகுக்குக் காட்டியவர்களுள் ஒருவர் சென்னை மாகாணத்தில் வாழ்ந்தவர் என்பது மாணவர் அறியவேண்டிய செய்தி. ஜெர்மனி நாட்டில் பிரடெரிக் ஃபிரோபெல் என்னும் கல்வியாளர் 1837-இல் குழந்தைகளுக்கென ஒரு பள்ளியைத் தொடங்கினார். அதுவே பின்னர்க் 'குழந்தைத் தோட்டம்' எனப் பொருள்படும் கிண்டர்கார்டன் என்னும் பெயர் பெற்றது. அம்முறையைச் சார்ந்த பள்ளிகளில் காகித மடிப்பு ஒரு விளையாட்டுப் பாடமாக இருந்தது. அவ்விளையாட்டுப் பாடமே தமக்குத் தூண்டுதல் என்று கூறி, தண்டலம் சுந்தரராவ் என்பவர் காகித மடிப்பால் வடிவக்கணிதம் பயிலும் முறையைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு நூல் இயற்றினார். அது 1893-இல் சென்னையில் வெளிவந்தது. ஜெர்மனியின் பெருங்கணித அறிஞர் ஃபெலிக்ஸ் கிளைன் அதனைத் தம் நூலில் எடுத்துக்காட்டினார். அதன் பயனாக 1901-இல் அமெரிக்காவின் சிகாகோ நகரிலும் அது பதிப்பிக்கப்பட்டது. மழலையர் விளையாட்டாகக் கடல் கடந்து வந்தது, கணித நூலாகக் கடல் கடந்து திரும்பியது.

காகிதமும் கண்ணாடியும் இல்லாத வீட்டிலும் இப்பாடம் நடைபெற்றே வந்திருக்கிறது. விடியற்காலையில் வாயில் தெளித்துப் புள்ளியிட்டுக் கோலம் வரையும் பாட்டியின் அருகே குந்தியிருக்கும் பேத்தி, ஒரு கால்பகுதியைக் கண்டதும் மற்ற முக்கால் பகுதி எப்படி அமையும் என்பதை ஊகித்துவிடுகிறாள். ஆனால் கோலங்களில் இரண்டு குலம் உண்டு. தாமரைக் கோலத்தின் நடுவே ஒரு நூலைக் கிடத்தினால் இருபுறமும் ஒன்றுக்கொன்று பிம்பமாக நிற்கும். சிக்குக் கோலங்கள் சிலவற்றில் அவ்வாறு நூல் கிடத்த இடமே கிடையாது. எனினும் கால் சுற்றுச் சுற்றி வந்து பார்த்தால் முன்பிருந்த தோற்றமே மீண்டும் தோன்றும். முன்னது மடித்தால் ஒக்கும். பின்னது சுழற்றினால் ஒக்கும். பம்பரக் காற்றாடி இரண்டாவது குலத்தைச் சேர்ந்தது. அதைக் கண்ணாடியில் காட்டினால் எதிர்த்திசையில் சுழலும் காற்றாடி தோன்றும். சென்னைக் கிறித்துவக் கல்லூரியைச் சேர்ந்த கிஃப்ட் சிரோமணியும் அவருடைய துணையாய்வாளரும் 1970-களில் கோலங்களின் அமைப்பைக் கணித இலக்கணத்தால் ஆராய்ந்தனர். வாயிற்படியில் காலை வெயிலில் அழிந்துபோகும் கோடுகளுக்குக் கல்லூரியில் கிடைத்த மதிப்பு அது.

சற்று வளர்ந்த பிள்ளைகள் ஒரு கேள்வி கேட்பதுண்டு. "கண்ணாடி இடத்தை வலமாக்குகிறதே, தலையை ஏன் காலாக்குவதில்லை?" நல்ல கேள்வி. கிரேக்க ஞானி பிளேட்டோவின் நூலிலும் கண்ணாடியின் இடவல மாற்றம் பேசப்படுகிறது. இதை விளக்கச் சொற்கள் வேண்டா, திசைகள் போதும். கிழக்குச் சுவரில் நிலைக்கண்ணாடி ஒன்று இருக்கிறது. குழந்தை கிழக்கு நோக்கி அதன் எதிரில் நிற்கிறது. தெற்கே உள்ள கையை, அதாவது வலக்கையை, உயர்த்துகிறது. பிம்பமும் தெற்கே உள்ள கையையே உயர்த்துகிறது. தெற்கு தெற்காகவே இருக்கிறது. வடக்கு வடக்காகவே இருக்கிறது. மேல் மேலாகவும் கீழ் கீழாகவும் இருக்கின்றன. மூக்கைப் பார்க்கவேண்டும். குழந்தையின் மூக்குக் கிழக்கே நோக்குகிறது. பிம்பத்தின் மூக்கு மேற்கே நோக்குகிறது. கண்ணாடி மாற்றியது முன்பின்னையே அன்றி இடவலத்தை அன்று. குழந்தை மனத்தால் கண்ணாடிக்குப் பின்னே சுற்றிச் சென்று, அப்பிம்பத்தின் இடத்தில் தான் நிற்பதாக எண்ணுகிறது. அவ்வாறு எண்ணும்போதுதான் அந்தக் கை இடக்கை ஆகிறது.

சொற்களிலும் சமச்சீர் உண்டெனக் கூறி 'விகடகவி'யை எடுத்துக்காட்டுவார் சிலர். முதலிலிருந்து படித்தாலும் முடிவிலிருந்து படித்தாலும் அது விகடகவியே. செய்யுள் முழுதும் இவ்வாறு அமைவதை மாலைமாற்று என்று இலக்கண நூலார் கூறுவர். திருஞானசம்பந்தர் பதிகம் ஒன்றையே அவ்வாறு பாடினார். ஆனால் விகடகவியைப் பலகையில் எழுதிக் கண்ணாடியில் காட்டினால் அது விகடகவியாகத் தெரியாது. எழுத்துகளின் வரிசை மாறாதெனினும் ஒவ்வோர் எழுத்தும் முகந்திருப்பி நிற்கும். வரிசைக்கு உள்ள சமச்சீர் வேறு, வடிவுக்கு உள்ள சமச்சீர் வேறு. இவ்வேறுபாட்டை நன்கறிந்தவர் அச்சுக்கோப்போர். 1578-இல் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' என்னும் தமிழ் நூல் அச்சானது முதல், ஈய எழுத்துகளைக் கோத்து அச்சிட்ட காலம் முழுவதும், அச்செழுத்தெல்லாம் பிம்பமாகவே வார்க்கப்பட்டன. பிம்பத்தின் பிம்பமே தாளில் நேராக விழும். உருளைக்கிழங்கை இரண்டாக அரிந்து, ஓர் எழுத்தைச் செதுக்கி, மையில் தோய்த்து ஒற்றச் சொன்னால் பிள்ளைகள் இதைத் தாமே காண்பர். முதல் முத்திரை தலைமாறி விழும். இரண்டாவது கிழங்கில் எண்ணிச் செதுக்குவார்கள். நோயாளரை ஏற்றிச் செல்லும் ஊர்தியின் முகப்பில் எழுத்துகள் ஏன் திருப்பி எழுதப்பட்டுள்ளன என்பதும் அன்றே விளங்கிவிடும். முன்னே செல்லும் வண்டிக்காரர் தம் கண்ணாடியில் அதை நேராகப் படித்து வழிவிடுகிறார்.

இனி, மடித்தாலும் பொருந்தாமல் சுழற்றினாலும் பொருந்தாமல் நிற்கும் பொருள்களும் உலகில் உண்டு. இடக்காற் செருப்பை எத்தனை முறை திருப்பினாலும் அது வலக்காற் செருப்பு ஆவதில்லை; இதைக் குழந்தை தினமும் வாயிற்படியில் அறிகிறது. பாஸ்டர் என்னும் பிரெஞ்சு அறிஞர் 1848-இல் ஓர் உப்பின் படிகங்களை உருப்பெருக்கியில் நோக்கி, அவை இருவகைப்பட்டு ஒன்றுக்கொன்று பிம்பமாக இருப்பதைக் கண்டு, குறடு கொண்டு ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்தார். இரண்டுக்கும் உள்ள வேறுபாடு இடக்காலுக்கும் வலக்காலுக்கும் உள்ள வேறுபாடே. பொருள்களின் உள்ளமைப்பிலும் இடவலம் உண்டு என்னும் பேருண்மை அதனால் வெளிப்பட்டது.

தமிழ்நாட்டுக் குழந்தைக்கு இதைக் காட்டுவதற்குப் படிகம் தேடவேண்டியதில்லை, சங்கு போதும். மன்னார் வளைகுடாவில் முத்துக்குளித்துறைகளை அடுத்து எடுக்கப்படும் சங்குகளில் ஏறக்குறைய எல்லாமே ஒரே பக்கமாகச் சுருண்டவை. அவற்றை இடம்புரி என்பது வழக்கு. எதிர்ப்பக்கமாகச் சுருண்ட வலம்புரி மிக மிக அரிது. அதன் விலையும் அதற்கேற்ப ஏறி நிற்கும். விலங்கியலார் இப்பெயர்களை நேர்மாறாக வழங்குவர் என்பதையும் இங்கே கூறிவைக்கலாம். அவர்கள் சுருள் உச்சியை மேலாக நிறுத்திப் பார்க்கின்றனர். மரபினர் அதனைக் கீழாகக் கொண்டு பார்க்கின்றனர். சங்கின் தலை எது என்பதில் எழுந்த வழக்கே அன்றிச் சங்கில் மாற்றமில்லை.

ஓர் இடம்புரிச் சங்கை வகுப்பில் கைக்குக் கை கொடுத்து, அதனை வலம்புரி ஆக்க இயலுமா என்று கேட்கலாம். பிள்ளைகள் அதைத் தலைகீழாக்குவார்கள், பக்கம் திருப்புவார்கள், முதுகைக் காட்டுவார்கள். சுருள் மாறாது. பின்பு ஒருவன் அதைக் கண்ணாடியின் முன் வைப்பான். கடலில் ஆண்டுக்கணக்காகத் தேடினும் அகப்படாத வலம்புரி, அப்பொழுது எல்லோர் கண்ணெதிரேயும் தோன்றும். முன்வரிசைப் பிள்ளைகளுள் ஒருவர் இருவர் கண்ணாடிக்குப் பின்னால் கையை நீட்டித் துழாவிப் பார்ப்பார்கள்.